எங்களைக் கேட்காமல் எங்கள் மணலை எடைபோடாதீர்கள்

ஒன்றியச் சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்றத் துறை அமைச்சருக்குக் குமரிக் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களே,

2025 செப்டம்பர் 8 அன்று உங்கள் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணையை வெளியிட்டது. அணுக் கனிமங்களையும், முக்கியக் கனிமங்கள் என்றும் உத்திசார் கனிமங்கள் என்றும் பட்டியலிடப்பட்டவற்றையும் தோண்டும் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்பது அதன் சாரம். பாதுகாப்புத் துறையும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டன, நீங்கள் இசைந்தீர்கள். அந்தக் கனிமங்களின் மேல் வீடு கட்டிக் குடியிருப்பவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் அப்படிக் குடியிருப்பவள். குமரி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எங்கள் மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்களில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் உள்ளிட்டவற்றைத் தோண்ட, ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்துக்கான திட்டம் மேசையில் இருக்கிறது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 அக்டோபர் 1 அன்று பத்மநாபபுரத்தில் நடப்பதாக இருந்தது. கரையெங்கும் எதிர்ப்பு எழுந்தது, கூட்டம் தள்ளிப்போனது. மக்களின் கேள்விகளுக்கு விடை தயாரித்துக்கொண்டு வரத்தான் அவகாசம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று நாங்கள் நம்பினோம். ஓராண்டு முடிவதற்குள், அப்படியொரு கூட்டமே தேவையில்லை என்ற ஆணை வந்துவிட்டது.

அந்த ஆணையைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். கதிர்வீச்சின் ஆபத்து எவ்வளவு என்பது உங்கள் நிபுணர்களின் கணக்கு மட்டும் அல்ல. அந்தக் கணக்கில் எங்கே இடைவெளி இருக்கிறது என்பது இங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் கரையைப் பார்க்காதவர்களுக்காக முதலில் சில செய்திகள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் சீறி வந்து கரையை அறுக்கும். வெள்ளை மணலை வாரிக்கொண்டு போய்விடும். எடை மிகுந்த கனிமங்கள் மட்டும் வரிவரியாகக் கரையில் தங்கிவிடும். அதைத்தான் கருமணல் என்கிறோம். பழைய ரேடியோப் பெட்டியின் காந்தத்தை நூலில் கட்டி இழுத்துக்கொண்டு ஓடாத பிள்ளை எங்கள் கரையில் இல்லை. காந்தம் முழுக்கக் கறுப்புத் துகள் தாடிபோல முளைத்து நிற்கும். ஆனால் கதிர்வீச்சு அந்தக் கறுப்பில் இல்லை. மோனசைட் தேன் நிறம் கொண்டது. கையில் அள்ளி வெயிலில் சாய்த்துப் பிடித்தால் கறுப்புக்கு நடுவே மஞ்சளாகச் சில மணிகள் தெரியும். இந்தியக் கடற்கரை மோனசைட்டில் 8 முதல் 10 விழுக்காடு வரை தோரியம் ஆக்சைடு உண்டு, சிறிதளவு யுரேனியமும் உண்டு. தோரியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அந்த மணலில்தான் எங்கள் பெண்கள் கருவாடு காயவைக்கிறார்கள். அந்த மணலை அள்ளித்தான் முற்றத்தில் கொட்டுகிறோம், வீட்டுத் தரைக்கு அடியில் நிரப்புகிறோம்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த செல்வம் அல்ல. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். பின்னாலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. அப்போது அது தேவைப்பட்டது விளக்குக்கு. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் பளீரென்று எரிந்தது தோரியத்தால்தான். எங்கள் மணலை உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த நூறு ஆண்டுகளில் எங்கள் உடலுக்கு என்ன ஆனது என்று ஊர்வாரியாக எழுதி எங்கள் கையில் தந்தவர் எவரும் இல்லை.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் விடையை நான் அறிவேன். கேரளத்தின் கருநாகப்பள்ளி ஆய்வை எடுத்து வைப்பார்கள். அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. அது நல்ல ஆய்வு. எங்களைப் போலவே மோனசைட் மணலில் வாழும் மக்களில் 30 முதல் 84 வயது வரையுள்ள 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கதிர்வீச்சை அளந்தார்கள். பீடிப் பழக்கத்தைக்கூடக் கணக்கில் கொண்டார்கள். 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. மணலின் காமா கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்பது 2009-இல் வெளியான அவர்களது முடிவு. இந்த முடிவை ஊரில் பலரிடம் நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். "இந்த மண்ணில் பிறந்ததாலேயே புற்றுநோய் வந்துவிடும்" என்று கலங்கி நின்ற கர்ப்பிணிகளிடம், அப்படி இல்லை அம்மா, பயப்படாதே என்று சொல்ல அந்த ஆய்வு எனக்கு உதவியது. மேடை ஏறி மக்களைப் பயமுறுத்துகிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. வீட்டில் ஒரு பிள்ளை குறையோடு பிறந்தால் அந்தத் தாய் தன் மண்ணைப் பார்த்து அழுவதை அவர்கள் அறியமாட்டார்கள்.

ஆனால் அந்த ஆய்வு சொல்லாததையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ரத்தப் புற்றுநோயைப் பற்றி அதில் கிடைத்தவை 30 நேர்வுகள் மட்டுமே. அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மற்றப் புற்றுநோய்களுக்கு அவர்கள் தந்த பிழை வரம்பு, ஒரு கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) அளவுக்கு 58 விழுக்காடு குறைவு என்பதிலிருந்து 46 விழுக்காடு கூடுதல் என்பது வரை நீள்கிறது. 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணுத்துறைத் தொழிலாளர்கள் 3,09,932 பேரைப் பார்த்து, ஒரு கிரே அளவுக்குத் திண்மப் புற்றுநோய் (கட்டியாக வரும் புற்றுநோய்) இறப்பு 52 விழுக்காடு கூடுகிறது என்று மதிப்பிட்டது. அதற்கும் ஒரு பிழை வரம்பு உண்டு. இரண்டு வரம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடவில்லை. கேரளத்தின் அதே மணற்கரையில் எடுத்த உமிழ்நீர் மாதிரிகளை வைத்து, தாய்வழியாக வரும் மரபணுவில் மாற்றங்கள் கூடுதலாக இருப்பதாக 2002-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அவை நோயாக மாறின என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேள்வி இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொல்கிறேன். முடியாத கேள்வியை முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு நீங்கள் மக்களின் வாயை அடைத்துவிட்டீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கருநாகப்பள்ளியில் அளந்தது, மணலிலிருந்து வெளிவந்து உடலை ஊடுருவும் காமா கதிரை. மணலைத் தோண்டி, உலர்த்தி, சலித்து, பிரிக்கும் இடத்தில் கதை வேறு. அங்கே மணல் தூசியாகிறது. தூசி மூக்கு வழியே உள்ளே போகிறது. தோரியமும் அதன் வழித்தோன்றல்களும் வெளியிடும் ஆல்பா கதிர்கள் தோலைத் தாண்டி உள்ளே வராது, ஒரு தாள் போதும் தடுக்க. ஆனால் அந்தத் துகளே நுரையீரலில் தங்கிவிட்டால் தடுக்க ஒன்றும் இல்லை. தோரியத்திலிருந்து தோரான் என்ற வாயு பிறக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் பாதி அழிந்துவிடும் வாயு அது, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அது அழிந்து உருவாகும் கதிரியக்க ஈயம் பத்து மணி நேரத்துக்கு மேல் அரை ஆயுள் கொண்டது. தூசியில் ஒட்டிக்கொண்டு நெஞ்சுக்குள் போய் வேலை செய்ய அதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

தோரியம் உடலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. மருத்துவத் துறையே அதைத் தன் நோயாளிகள் மீது செய்து பார்த்திருக்கிறது. 1930-களிலிருந்து 1950-கள் வரை எக்ஸ்ரே படத்தில் ரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காகத் தோரோட்ராஸ்ட் என்ற மருந்தை ஏற்றினார்கள். அது தோரியம் ஆக்சைடு. படம் அருமையாக விழுந்தது, நோயாளி எழுந்து வீட்டுக்குப் போனார், எந்தக் கோளாறும் இல்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் படிந்த தோரியம் வெளியேறவே இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் போர்ச்சுகலிலும் ஜப்பானிலும் அவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. மருந்தாக ஊசியில் ஏற்றியதும் ஆலைத் தூசியும் அளவில் ஒன்றல்ல, அதை அறிந்தே எழுதுகிறேன். நான் சுட்டிக்காட்டுவது அந்த இருபது, முப்பது ஆண்டு இடைவெளியை. இன்று மணல் சுமக்கும் முப்பது வயது இளைஞனுக்கு இன்று எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. தெரியவரும் நாளில் ஆலையின் ஒப்பந்தக்காரர் யார் என்பதுகூட யாருக்கும் நினைவிருக்காது.

என் தந்தைக்கு அப்படித்தான் ஆயிற்று. அவர் தென்கடற்கரையில் இயங்கி இப்போது மூடிக்கிடக்கும் ஒரு தனியார் மணல் ஆலையில் ஒப்பந்தச் சுமைத் தொழிலாளி. உலர்த்தும் பகுதியில் வேலை. முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். வேலை முடிந்து வந்தால் வாசலில் நின்றபடியே அந்தத் துண்டை அவிழ்த்து உதறுவார். மூக்கும் வாயும் இருந்த இடத்தில் துண்டு ஈரமாக, செம்பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் பதிந்திருக்கும். அம்மா அதைச் சோப்புப் போட்டுத் துவைத்தும் அந்தக் கறை போகாது. கதிர்வீச்சை அளக்கும் கருவி பொருத்திய பட்டை எதுவும் அவர் சட்டையில் நான் பார்த்ததில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதெல்லாம் கிடையாது என்பார். பிழிந்த கடலை எண்ணெய்ப் பிண்ணாக்கைத் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று மேஸ்திரி சொன்ன வைத்தியம்தான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு.

அறுபதைத் தாண்டியபோது நுரையீரல் புற்றுநோய் வந்தது. மருத்துவமனைப் படிவத்தில் பீடி என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் குறியிட்டார்கள். மது, வெற்றிலை என்று கட்டங்கள் இருந்தன. என்ன வேலை பார்த்தார் என்ற இடத்தில் கூலி என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவர் பீடி குடித்தவர்தான், நான் மறுக்கவில்லை. அந்த நோய்க்குப் பீடியே போதும் என்று மருத்துவர் சொன்னால் என்னால் எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் பீடியைச் சொல்லி மற்றதைத் தள்ளிவிட அறிவியல் இடம் தரவில்லை. யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகள், புகைப் பழக்கமும் தோரானைப் போன்ற ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் சேரும்போது ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக ஏறுகிறது என்று காட்டியிருக்கின்றன. பீடி குடிக்கிறவனைத்தான் தூசியிலிருந்து கூடுதலாகக் காக்க வேண்டும். இங்கே பீடி ஒரு சாக்காகிவிட்டது.

என் பணிக்காலம் முழுக்க நான் நிரப்பிய பதிவேடுகளில் கர்ப்பிணிக்கு இடம் இருந்தது, தடுப்பூசிக்கு இடம் இருந்தது, பின்னாளில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இடம் வந்தது. மணல் ஆலையில் வேலை பார்த்தவரா, வீட்டுத் தரைக்கு அடியில் என்ன மணல், கிணற்றுத் தண்ணீரில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு ஒரு வரிகூட இடம் இல்லை. எங்கள் கரையிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நாள் காலை ஏறிப் பாருங்கள். பைக்குள் ஸ்கேன் படங்களை வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று தெரியும். அவர்களின் நோய்க்கு மணல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணமா இல்லையா என்று கேட்டு எழுதி வைக்க ஓர் ஏற்பாடுகூட இல்லை என்கிறேன். கேட்காததால் பதிவில்லை, பதிவில்லாததால் ஆதாரமில்லை, ஆதாரமில்லாததால் ஆபத்தில்லை. இந்த வழியாகத்தான் எங்கள் கரை பாதுகாப்பானதாகக் கோப்புகளில் ஏறியிருக்கிறது.

உங்கள் நிபுணர் குழு வரம்புகளைப் பற்றிப் பேசும். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடலுக்குக் கதிர்வீச்சால் நேரும் பாதிப்பை அளக்கும் அலகு), தொழிலாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. இந்த 1 மில்லிசீவர்ட்டில் இயற்கையாகக் கிடைக்கும் கதிர்வீச்சு சேராது. உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், எங்களைப் போன்ற மோனசைட் கரைகளில் சில இடங்களில் அதைப்போலப் பல மடங்கு. சரி, அது இயற்கை. பூமிக்கடியில் பல மீட்டர் ஆழத்தில் கிடந்த மணலை இயந்திரத்தால் தோண்டி, என் வீட்டுக்கு அருகே குவித்து, காற்று அதை என் அடுப்படிக்குக் கொண்டுவந்தால், அது இயற்கையா, ஆலையின் கணக்கா? இரண்டையும் பிரித்துச் சொல்ல, தோண்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் அளந்து வைத்திருக்க வேண்டும். முன்னளவு இல்லாத இடத்தில் எதையும் இயற்கை என்று சொல்லித் தப்பிவிடலாம்.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை ஓர் எளிய கணக்கைத் தருகிறது. நூறு பேருக்குத் தலா 100 மில்லிசீவர்ட் கிடைத்தால் அவர்களில் ஒருவருக்கு அதன் காரணமாகப் புற்றுநோய் வரலாம். அதே நூறு அமெரிக்கர்களில் 42 பேருக்கு வேறு காரணங்களால் எப்படியும் வரும். ஒரு வீட்டின் அளவு ஆண்டுக்கு 2 மில்லிசீவர்ட் கூடினால் ஐம்பது ஆண்டில் 100 சேர்ந்துவிடும். நூற்றில் ஒருவர் என்றால் டெல்லியில் அது மிகச் சிறிய எண். ஐயாயிரம் பேர் வாழும் எங்கள் தேவாலயப் பங்கு ஒன்றில் அது ஐம்பது பேர். அவர்களில் எவர் மணலால் நோயுற்றவர், எவர் வேறு காரணத்தால் நோயுற்றவர் என்று எந்த மருத்துவராலும் விரலைக் காட்டிச் சொல்ல முடியாது. அடையாளம் தெரியாதவர்களாக இருப்பதால் அவர்கள் இல்லாதவர்களாகிவிட மாட்டார்கள். கதிர்வீச்சு ஆபத்தை எடைபோடுவது என்றால் அந்த ஐம்பது பேருக்கு எதிரில் உட்கார்ந்து, இந்த மணலால் நாட்டுக்கு இன்ன பயன், அதற்காக உங்களில் சிலர் இதைத் தாங்க வேண்டியிருக்கலாம், சம்மதமா என்று கேட்பது. கருத்துக்கேட்புக் கூட்டம் என்பது அதுதான்.

மோனசைட்டைப் பிரித்து எடுத்துவிட்டு மீதி மணலை அதே இடத்தில் நிரப்பினால் கரையில் கதிர்வீச்சு முன்பைவிடக் குறையும் என்றும் சொல்கிறார்கள். இந்த வாதத்தை நான் தள்ளிவிடமாட்டேன். மோனசைட் முழுவதும் வெளியேறினால் குறையத்தான் செய்யும். ஆனால் குறையும் என்று சொல்கிறவர்கள் முன்னும் பின்னும் அளந்த எண்களை ஊர் முன்னால் வைக்கட்டும். எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், நிரப்பிய மணலில் எஞ்சியது எவ்வளவு, கழிவு எங்கே குவிந்தது, லாரி மூடி ஓடியதா, கிணற்றில் உப்பேறியதா என்று சொல்லட்டும். தனியார் ஆலைகள் இந்தக் கரையில் என்ன செய்தன என்பது நாடறிந்தது. 2013-இல் தமிழக அரசு தாதுமணல் அள்ளுவதை நிறுத்தியது. அந்தச் சட்டவிரோத அள்ளலைப் பற்றிச் சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2025-இல். தடுக்கவேண்டிய அலுவலகங்கள் எல்லாம் இருந்த காலத்தில்தான் அது நடந்தது. அப்போதும் முதலில் குரல் எழுப்பியவர்கள் கரையில் இருந்தவர்கள்தான்.

நாட்டுக்குத் தேவை இருக்கிறது என்பதை ஏற்கிறேன். மோனசைட்டிலிருந்து கிடைக்கும், காந்தம் செய்ய உதவும் நியோடிமியம் இல்லாமல் பெரும்பாலான மின்வாகன மோட்டார்களும் பல காற்றாலைகளும் இல்லை, வெளிநாடு அதைத் தர மறுத்தால் நமக்குச் சிரமம்தான். தோரியமோ, ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுமின் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்குத்தான் பெருமளவில் வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கான கல்பாக்கம் வேக ஈனுலை என்ற அணு உலையைக் கட்டத் தொடங்கியது 2004-இல், அதன் உள்ளகத்தை நிரப்பும் பணி தொடங்கவே 2024 மார்ச் ஆயிற்று. அதற்கெல்லாம் காத்திருக்க முடிந்த அரசுக்கு, முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்து மக்களை ஒரு நாள் கூட்டி உட்காரவைத்துக் கேட்பதில் என்ன தாமதம் நேர்ந்துவிடும்? பாதுகாப்பு ரகசியம் என்றால், எங்கள் கிணற்றில் எவ்வளவு ரேடியம் என்பதில் எதிரி நாட்டுக்கு என்ன பயன்?

கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன என்று நான் சொல்லவரவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் வர முடியாத நேரத்தில், கரையிலிருந்து தொலைவில், ஆங்கில அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் தமிழில் தந்து நடத்துவார்கள். ஆனாலும் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில், பதிவு செய்யப்படும் ஒரு கேள்வியை ஒரு மீனவப் பெண் எழுந்து நின்று கேட்க முடிந்த ஒரே இடம் அது. கேட்டால் நிறுவனம் எழுத்தில் விடை தரவேண்டியிருந்தது. கூட்ட முறையில் குறை இருந்தால் அதைத் திருத்துவதுதான் முறை. நீங்கள் எடுத்தே விட்டீர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

2025 செப்டம்பர் 8 குறிப்பாணையைத் திரும்பப் பெறுங்கள். முழுவதையும் திரும்பப் பெற இயலாது என்றால், மக்கள் குடியிருக்கும் கடற்கரைகளில் மோனசைட் தோண்டும் திட்டங்களையாவது அதன் பிடியிலிருந்து உடனே விலக்குங்கள். கிள்ளியூர் திட்டத்துக்கு, கூட்டம் நடத்தாமல் எந்த அனுமதியும் தராதீர்கள். கூட்டத்தைப் பாதிக்கப்படும் ஊர்களிலேயே, கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துங்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை முழுவதையும் தமிழில் தாருங்கள்.

ஒரு பிடி மணல் எடுப்பதற்கு முன்பு, அணுசக்தித் துறையைச் சாராத ஆய்வாளர்களைக் கொண்டு அந்த ஊர்களின் முன்னளவை எடுங்கள். வெளியே காமா அளவை மட்டும் எடுத்தால் போதாது. வீட்டுக்குள் தோரான், காற்றின் தூசியில் தோரியம், கிணற்று நீரில் ரேடியம், கூடவே அந்த ஊர்களில் இப்போதிருக்கும் புற்றுநோய், குழந்தைப் பிறப்பு விவரங்கள். ஊர்வாரியாக வெளியிடுங்கள். எண்கள் நல்லவையாக இருந்தால் எங்கள் பயமும் நீங்கும், அதனால் நட்டம் யாருக்கும் இல்லை.

மணல் ஆலைகளில் வேலை செய்த, செய்கிற ஒவ்வொருவருக்கும், குறிப்பாக ஒப்பந்தக் கூலிகளுக்கு, ஆயுள் முழுவதற்குமான கதிர்வீச்சுப் பதிவேடு வேண்டும். அதன் நகல் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். மூடிய ஆலைகளின் பழைய தொழிலாளர்களைத் தேடிக் கண்டுபிடித்து ஆண்டுதோறும் இலவசமாகப் பரிசோதியுங்கள். அவர்களில் ஒருவருக்கு நுரையீரல் நோய் வந்தால், வேலைதான் காரணம் என்று மெய்ப்பிக்கும் சுமையை அவர் குடும்பத்தின் தலையில் வைக்காதீர்கள். 1990-இல் அமெரிக்கா தன் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இயற்றிய இழப்பீட்டுச் சட்டம், சுரங்க வேலையில் குறிப்பிட்ட அளவு கதிர்வீச்சு பட்டிருந்து, குறிப்பிட்ட நோயும் இருந்தால் போதும் என்று ஏற்றுக்கொண்டது. அதே வழியில் இங்கேயும் ஒரு சட்டம் வரட்டும்.

சுகாதார அமைச்சகத்தோடு பேசி, கடற்கரை மாவட்டங்களின் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் மருத்துவமனைப் படிவங்களிலும் பார்த்த வேலை, வாழ்ந்த இடம் என்ற இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் செய்யுங்கள். செலவு என்று சொல்ல எதுவும் இல்லை, படிவத்தில் இரண்டு வரிகள். கிராமச் செவிலியர்கள் அதை நிரப்பிவிடுவார்கள் என்பதற்கு நான் பொறுப்பு.

இந்த மடலுக்கான விடையை எழுத்தில், தமிழில், எங்கள் ஊராட்சி அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி மாவட்ட ஆட்சியர் வழியாக அனுப்புங்கள். கேட்டவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், ஏன் என்று அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
குமரி மாவட்டக் கடற்கரை